கரையோர டால்பின்கள் ஏன் ஓடிப் போவதில்லை

ஒரு விரிகுடாவில் டால்பின்கள் நாள் தவறாமல் தென்பட்டால், அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். துறைமுகத்தை விரிவாக்குபவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், படகில் கூட்டிப்போய் டால்பின் காட்டுபவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். தொந்தரவாக இருந்தால் எப்போதோ போயிருக்குமே, இங்கேயேதானே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைப் பார்த்தால் இந்த வாதம் நிற்கவில்லை. கரையோர டால்பின்கள் பெரும்பாலும் ஓடிப் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து மெலிகின்றன, குட்டிகளை இழக்கின்றன, நோய்ப்படுகின்றன. அதையெல்லாம் கரையில் நிற்பவர் கண்ணால் பார்க்க முடியாது.

கண்ணில் படுவதை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதைத் தெளிவாகக் காட்டிய இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா. அங்கே ஆய்வாளர்கள் அடுத்தடுத்து இருந்த இரண்டு கடற்பரப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் 36 சதுர கிலோமீட்டர். ஒன்றில் சுற்றுலாப் படகுகள் ஓடின, மற்றதில் ஓடவில்லை. சுற்றுலாப் படகே இல்லாத காலம், ஒரு நிறுவனம் மட்டும் படகு ஓட்டிய காலம், இரண்டு நிறுவனங்கள் ஓட்டிய காலம் என்று மூன்று காலகட்டங்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது நிறுவனம் வந்த பிறகு சுற்றுலாப் பகுதியில் டால்பின்களின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைந்தது, அதாவது ஏழில் ஒன்று. படகு ஓடாத பகுதியில் அப்படி எந்தக் குறைவும் இல்லை.

இதே குழு 2006-ல் வெளியிட்ட இன்னொரு முடிவை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். படகு நெருங்கும்போது டால்பின்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்ததில், சுற்றுலாப் பகுதியில் இருந்தவை அமைதியாக இருந்தன. படகே வராத பகுதியில் இருந்தவைதான் அதிகம் கலவரப்பட்டன. இதை மட்டும் தனியாகப் பார்ப்பவர், டால்பின்களுக்குப் படகு பழகிப்போய்விட்டது, இனிக் கவலை இல்லை என்று எழுதிவிடுவார். நீண்ட காலக் கணக்கு கையில் இருந்ததால் இன்னொரு விளக்கம் தெரிந்தது. தாங்க முடியாதவை ஏற்கெனவே விலகிவிட்டிருந்தன, எஞ்சியிருந்தவை தாங்கக்கூடியவை. அரசும் இதை ஏற்று, இரண்டு உரிமங்களில் ஒன்றைத் திரும்பப் பெற்றது.

இடம் என்பது சொத்து

அப்படியானால் எல்லாமே விலகிப் போகலாமே, கடல் பெரியதுதானே என்று கேட்கலாம். கரையோர டால்பினுக்குக் கடல் பெரியதல்ல. ஆழ்கடலில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் திரியும் டால்பின்கள் வேறு, கழிமுகத்திலும் விரிகுடாவிலும் ஆழமில்லாத கரைக்கடலிலும் வாழ்பவை வேறு. பின்னவை ஒரு குறிப்பிட்ட பரப்பிலேயே பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டு, சாகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் சாரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் இடைவிடாமல் ஆய்வு நடக்கிறது. காட்டு டால்பின்களைப் பற்றிய ஆய்வுகளில் உலகிலேயே நீண்டது அதுதான். பாட்டி, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்கள் அதே விரிகுடாவில் இருப்பதை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள்.

இடத்தை விட்டால் அறிவையும் விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவற்றின் சிக்கல். எந்த நீரோட்டத்தில் எந்த நேரம் மீன் வரும், எந்த மணல் திட்டில் சுறா மேயாது, எந்தப் புல்வெளியில் மீனை மடக்கலாம் என்பதெல்லாம் தாயிடம் கற்றது. ஷார்க் விரிகுடாவில் சில பெண் டால்பின்கள் கடல் பஞ்சு ஒன்றைப் பிடுங்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, கரடுமுரடான அடித்தரையைக் கிளறி ஒளிந்திருக்கும் மீனைப் பிடிக்கின்றன. பஞ்சு மூக்கைக் காயப்படாமல் காக்கிறது. இந்த வித்தை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பஞ்சும் அந்த மாதிரித் தரையும் இல்லாத இடத்துக்குப் போனால் இது எதற்கும் உதவாது. தவிர, பக்கத்து விரிகுடா காலியாக இருக்காது. அங்கே வேறு டால்பின்கள் இருக்கும்.

ஆகவே, அவை தங்கியிருப்பதை வைத்து அந்த இடம் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி இல்லாமலும் தங்கியிருக்கலாம்.

வலை

உடனடியாகக் கொல்வதில் முதலிடம் மீன்பிடி வலைக்குத்தான், அதிலும் செவுள் வலைக்கு. ஓரிடத்தில் கட்டிவிட்டுப் போகும் மெல்லிய நைலான் நரம்பு வலை மலிவானது, இலகுவானது, சின்னப் படகிலும் கொண்டுபோகலாம். அதனால்தான் உலகெங்கும் பரவியது. ஆண்டுதோறும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்களும் டால்பின்களும் அவற்றின் உறவினமான கடற்பன்றிகளும் மீன்பிடிச் சாதனங்களில் தற்செயலாகச் சிக்கிச் சாவதாக இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதன் பிறகு மீன்பிடிப்பு குறையவில்லை.

எதிரொலியை வைத்தே இருட்டில் மீன் பிடிக்கும் விலங்குக்கு வலை ஏன் தெரியவில்லை? நைலான் நரம்பு ஒலியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், கிட்டே போனால்தான் தெரியும். டால்பின் எந்நேரமும் ஒலி எழுப்பிக்கொண்டே நீந்துவதும் இல்லை. பல சமயம் வலை இருப்பது அதற்குத் தெரியும், வலையில் மாட்டிய மீனை உருவித் தின்னத்தான் வருகிறது. ஒரு முறை தவறினால் போதும், வால் சுற்றிக்கொள்ளும். மேலே வந்து மூச்சு விட முடியாது. இப்படிச் செத்துக் கரையொதுங்கிய உடலைப் பார்த்தால் மூக்கைச் சுற்றியும் துடுப்பின் முன்விளிம்பிலும் நூலால் அறுத்த மாதிரி மெல்லிய நேர்க்கோடுகள் இருக்கும். மூச்சுக்குழாயில் நுரை இருக்கும். வயிற்றில் பெரும்பாலும் அப்போதுதான் தின்ற மீன் செரிக்காமல் இருக்கும். நோயில் செத்ததல்ல, நன்றாக இருந்த விலங்கு என்பதற்கு அதுவே சாட்சி.

சாவு எண்ணிக்கை சின்னதாகத் தெரிந்தாலும் ஏன் பயப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் பிறப்புக் கணக்கு. பாட்டில் போல மூக்கு நீண்ட பாட்டில்நோஸ் டால்பினின் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம். பிறப்பது ஒரே ஒரு குட்டி. அது மூன்று முதல் ஆறு வருடம் தாயை ஒட்டியே இருக்கும், அதுவரை தாய் அடுத்த குட்டிக்குத் தயாராவது அரிது. எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு டால்பின் கூட்டம் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் பெருகுவது கடினம். 100 டால்பின்கள் உள்ள விரிகுடாவில் வருடத்துக்கு மூன்று நான்கு கூடுதலாகச் செத்தால் அந்தக் கூட்டம் அழியத் தொடங்கிவிடும். மீனவர் ஒருவர் தன் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ டால்பின்தான் வலையில் பார்த்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நீரில் அவரைப் போல நூறு பேர் வலை போடுகிறார்கள்.

நியூசிலாந்தின் வடதீவில் மேற்குக் கரையை ஒட்டி மட்டுமே வாழும் மாவி டால்பின்களின் நிலை இதுதான். ஒரு வயதைத் தாண்டியவை 50 சொச்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. இந்த அளவுக்கு வந்த பிறகு ஒரே ஒரு பெண் டால்பின் வலையில் மாட்டினாலும் அது அந்த இனத்துக்கே பேரிழப்பு.

வலையில் ஒலி எழுப்பும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டித் தொங்கவிடுவது ஒரு வழி. கூச்ச சுபாவமுள்ள கடற்பன்றிகளை அது நன்றாகவே விலக்கி வைக்கிறது. பாட்டில்நோஸ் டால்பின்களிடம் அந்த அளவுக்குப் பலிப்பதில்லை. டால்பின் அதிகம் இருக்கும் இடத்தில் செவுள் வலையையே தவிர்ப்பதைப் போல உறுதியான வழி இதுவரை எதுவும் இல்லை. வலையை மாற்றச் சொல்கிறவர்கள் அதற்கான செலவையும் இடைப்பட்ட வருமான இழப்பையும் மீனவர் தலையில் கட்டிவிட்டுப் போனால் அது நடக்காது, நடக்கவும் கூடாது.

இரைச்சல்

வலை கொல்வது வெளியே தெரிந்துவிடும், உடல் கரையொதுங்கும். சத்தம் செய்யும் கேடு அப்படித் தெரியாது. என் பார்வையில் கரையோர டால்பின்களுக்கு மிக அதிகமாக நடந்தும் மிகக் குறைவாகப் பேசப்படும் கேடு இதுதான்.

தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது, காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கலங்கிய கரைக்கடலில் கண் சில மீட்டருக்கு மேல் உதவாது. அதனால் டால்பின் தன் இரையைத் தேடுவதும், சுறாவைத் தவிர்ப்பதும், குட்டியைக் கூப்பிடுவதும் காதை நம்பித்தான். ஒவ்வொரு பாட்டில்நோஸ் டால்பினுக்கும் தனக்கென்று ஒரு சீட்டி உண்டு. பிறந்த சில மாதங்களில் அதை உருவாக்கிக்கொள்கிறது, வாழ்நாள் முழுக்க அதை வைத்திருக்கிறது. பிரிந்து 20 வருடம் ஆன பிறகும் பழைய தோழரின் சீட்டியை அடையாளம் கண்டுகொண்ட டால்பின்கள் உண்டு. தாயும் குட்டியும் கலங்கிய நீரில் விலகிப்போனால் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இந்தச் சீட்டிதான் வழி.

இரைச்சல் இதை என்ன செய்கிறது என்பதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஃபுளோரிடாவில் உள்ள ஒரு டால்பின் ஆய்வு மையத்தில் டெல்ட்டா, ரீஸ் என்ற இரண்டு டால்பின்கள். குளத்தின் மறுகோடியில் நீருக்கடியில் இரண்டு பொத்தான்கள். இருவரும் நீந்திப்போய் ஆளுக்கொரு பொத்தானை ஒரு விநாடிக்குள் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். சில சமயம் ஒன்றை முதலில் விட்டுவிட்டு மற்றதைச் சில விநாடிகள் பிடித்து வைத்தார்கள். அப்போது முன்னால் போனது காத்திருக்க வேண்டும், பின்னால் வருவது சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்டிய கருவிகள் அவற்றின் சீட்டிகளைப் பதிவு செய்தன. நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து இரைச்சலைக் கூட்டக் கூட்ட இரண்டும் சீட்டியை உரக்கவும் நீட்டியும் அடித்தன. ஒன்றை நோக்கி ஒன்று உடம்பைத் திருப்பிக்கொண்டன, குளத்தின் மறுபக்கத்துக்கே நீந்திப்போய்த் துணையை நெருங்கிக்கொண்டன. இத்தனை செய்தும் இயல்பான நிலையில் 85 சதவீதமாக இருந்த வெற்றி, மிக அதிக இரைச்சலில் 62.5 சதவீதமாக விழுந்தது. 2023-ல் வெளிவந்த இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அந்த இரண்டும் எவ்வளவு பாடுபட்டன என்பதுதான். இரைச்சலைப் பொருட்படுத்தாமல் இருக்கவில்லை, ஈடுகட்டத் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தன. செய்தும் போதவில்லை.

குளத்தில் இரைச்சலை நிறுத்திவிடலாம், கடலில்? சாரசோட்டாவில் பகல் நேரத்தில் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு ஒரு படகு ஒரு டால்பினின் 100 மீட்டர் வட்டத்துக்குள் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் டால்பின் சற்று நேரம் கூடுதலாக மூழ்கியிருக்கிறது, கூட்டம் நெருங்கிக்கொள்கிறது, திசை மாறுகிறது. ஒரு முறை நடந்தால் இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் பத்து முறை, நாள் முழுக்க, வருடம் முழுக்க என்றால் மேய வேண்டிய நேரமும் ஓய்வெடுக்க வேண்டிய நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடுகின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு இது நேரடியான நட்டம். குட்டி நீருக்கடியில் சில விநாடிகள்தான் ஒரு தடவைக்குப் பால் குடிக்கும், மூச்சுக்கு மேலே வரும், மறுபடி குடிக்கும். நடுவில் படகு வந்தால் அது தடைபடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டுமானம் இன்னொரு வகை இரைச்சல். கடலுக்குள் இரும்புத் தூண் அடிக்கும் ஒவ்வொரு அடியும் பல கிலோமீட்டர் கேட்கும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. தூணைச் சுற்றிக் காற்றுக் குழாய் பதித்துக் குமிழித் திரை எழுப்பினால் ஒலியின் ஒரு பகுதியைக் குமிழிகள் விழுங்கிவிடும். ஹாங்காங்கில் 1996-லேயே டால்பின்களுக்காக இதைச் செய்து பார்த்தார்கள். ஜெர்மனியில் கடல் காற்றாலைக்குத் தூண் அடிக்கும்போது 750 மீட்டர் தள்ளி ஒலி 160 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது.

ஆனால் அதே ஹாங்காங்கின் கதை கவலைக்குரியது. அங்கே வெள்ளை டால்பின் என்று பெயர் பெற்ற கூன்முதுகு டால்பின்கள் வாழும் நீரில் விமான நிலையத்துக்காகக் கடல் நிரப்பப்பட்டது, அது 1998-ல் திறந்தது. அப்புறம் சீனாவின் ஜூஹாய், மக்காவ் நகரங்களுக்குப் போகும் நீண்ட பாலம், 2018-ல் திறந்தது. அதோடு மூன்றாவது ஓடுபாதைக்காக 2016 முதல் இன்னும் 650 ஹெக்டேர் கடல் நிரப்பல். இடையே அதிவேகப் படகுகள் காலை முதல் இரவு வரை. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக ஆராயப்பட்டு, பாதிப்பு சமாளிக்கக்கூடியதே என்று அனுமதி பெற்றது. பாலத்துக்கு ஈடாக பிரதர்ஸ் தீவுகளைச் சுற்றி ஒரு கடற்பூங்கா 2016 இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் அந்த நீரில் டால்பின்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தன. 2020-ல் கொரோனாவால் மக்காவ் நகருக்கான படகுப் போக்குவரத்து நின்றபோது, அந்தப் படகுப் பாதைக்குள் டால்பின்கள் திரும்ப வந்து திரிந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அதாவது அந்த இடம் அவற்றுக்கு இன்னமும் வேண்டியிருந்தது. நாம் இடம் விடவில்லை, அவ்வளவுதான்.

தாய்ப்பாலில் வரும் நஞ்சு

மின்மாற்றிகளிலும் பெயின்ட்டிலும் பயன்பட்ட பிசிபி என்ற வேதிப்பொருளை அமெரிக்கா 1979-ல் தடை செய்தது, மற்ற நாடுகளும் அடுத்தடுத்துத் தடை செய்தன. ஆனால் அது எளிதில் சிதையாது. நீரில் கரையாமல் கொழுப்பில் கரைகிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனை டால்பின் தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. டால்பினின் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் இருப்பதால் கடைசியில் எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. தொழிற்சாலைக் கழிவும் நகரக் கழிவும் முதலில் வந்து கலப்பது கரைக்கடலில்தான் என்பதால் இதில் அதிகம் அடிபடுவதும் கரையோர டால்பின்கள்தான்.

சாரசோட்டாவில் கண்டதைப் படிக்கும்போது மனம் கனக்கும். ஆண் டால்பினின் உடம்பில் இந்த நஞ்சு வயதோடு ஏறிக்கொண்டே போகிறது. பெண்ணின் உடம்பிலும் ஏறுகிறது, முதல் குட்டி பிறக்கும் வரை. டால்பின் பாலில் கொழுப்பு மிக அதிகம். அந்தப் பாலோடு தாயின் உடம்பில் பத்து வருடமாகச் சேர்ந்த நஞ்சின் பெரும்பங்கு முதல் குட்டிக்குப் போய்விடுகிறது. அடுத்த குட்டிகளுக்குக் குறைவாகவே போகிறது. முதல் குட்டிகள் அதிகம் இறப்பதற்குத் தாயின் அனுபவமின்மையும் காரணமாக இருக்கலாம். ஆனால் குட்டிக்கு அந்தச் சுமையும் சேர்ந்தே கிடைக்கிறது. படகிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது தாயும் பக்கத்தில் ஒரு குட்டியும் மட்டும்தான்.

2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலு என்ற ஓர்க்கா கயிற்றில் சிக்கி இறந்து கரையொதுங்கியது. டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது ஓர்க்காதான். லூலுவின் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. 9 மில்லிகிராம் தாண்டினாலே உடலில் பாதிப்பு தொடங்கும் என்று கணிக்கப்படும் பொருள் அது. முழுதாக வளர்ந்த பெண்ணாக இருந்தும் லூலு ஒரு தடவைகூடக் குட்டி போட்டதற்கான அறிகுறி இல்லை. அது சேர்ந்திருந்த சின்னக் கூட்டத்தில் ஆய்வு தொடங்கிய காலம் முதல் ஒரு குட்டியும் பதிவாகவில்லை. அந்த ஓர்க்காக்கள் அத்தனை வருடமும் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காட்சி தந்துகொண்டுதான் இருந்தன.

எண்ணெய்க் கசிவின் கதையும் இதே திசையில்தான் போகிறது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பணத் தளம் வெடித்து, 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது. லூசியானாவின் பராடாரியா விரிகுடா நன்றாக எண்ணெய் படிந்த இடம். அங்கே இருந்த டால்பின்கள் இடம்பெயரவில்லை. அடுத்த வருடம் அவற்றைப் பிடித்துச் சோதித்து விட்டபோது நுரையீரல் நோய் பரவலாக இருந்தது, உடல் அழுத்தத்தைச் சமாளிக்கும் சுரப்பிகள் சரியாக இயங்கவில்லை. சினையாக இருந்த 10 டால்பின்களைப் பின்தொடர்ந்ததில் 2 மட்டுமே உயிரோடு குட்டியைப் பெற்றன. எண்ணெய் படாத சாரசோட்டாவில் இது நூற்றுக்கு 83.

இதே பராடாரியாவில் பிற்பாடு ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. எண்ணெய்க் கசிவுக்கு நட்ட ஈடாக வந்த பணத்திலேயே, கரைந்துபோகும் சதுப்பு நிலத்தை மீட்க மிசிசிப்பி ஆற்று நீரையும் வண்டலையும் அந்த விரிகுடாவுக்குத் திருப்பும் திட்டம் வகுக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் நன்னீர் அதிகமானால் அங்கிருக்கும் டால்பின்கள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்று அரசின் ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. வேலை தொடங்கி, 2025-ல் லூசியானா அரசு அதைக் கைவிட்டது. நன்னீர் என்ன செய்யும் என்பது கற்பனை அல்ல. 2019-ல் வெள்ளத்தைச் சமாளிக்க அதே ஆற்றின் பானே காரே வடிகாலை ஒரே வருடத்தில் இரண்டு முறை திறந்தபோது, உப்புத்தன்மை குறைந்த நீரில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்ட டால்பின்களின் தோல் வெந்ததுபோலப் புண்ணாகியது. அந்த வருடம் வடக்கு வளைகுடாக் கரையில் 300-க்கும் மேல் கரையொதுங்கின. உப்பு குறைகிறது, கிளம்பலாம் என்று அவை கிளம்பவில்லை.

அன்பினால் வரும் கேடு

டால்பினைப் பிடிக்காதவர்கள் இல்லை. அதனால் வரும் கேட்டைச் சொல்வது சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஷார்க் விரிகுடாவின் மங்கி மியா கடற்கரையில் 1960-களில் தொடங்கி டால்பின்களுக்கு மீன் கொடுக்கும் பழக்கம் வளர்ந்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, கையில் மீன் வாங்கும் தாய்களின் குட்டிகள் மற்ற குட்டிகளைவிட அதிகம் செத்தன. தாய் முழங்கால் ஆழத் தண்ணீரில் மீனுக்காக நிற்கும்போது குட்டி ஆழமான பகுதியில் தனியாகச் சுற்றியது. அதற்குப் பால் கிடைக்கவில்லை, சுறாவிடம் மாட்டியது, வேட்டையாடவும் கற்கவில்லை. 1990-களின் நடுவில் விதிகளை இறுக்கினார்கள். குறிப்பிட்ட சில பெண்களுக்கு மட்டும், காலையில் மட்டும், தினசரித் தேவையில் சிறு பங்கு மட்டும் மீன். குட்டிகள் பிழைப்பது அதிகமானது.

ஆஸ்திரேலியாவின் இன்னொரு கரையில், மோர்ட்டன் விரிகுடாவில் நடந்தது விசித்திரம். இறால் இழுவைப் படகுகள் கடலில் தள்ளிவிடும் கழிவு மீனைத் தின்று வாழ்ந்த டால்பின்கள் ஒரு கூட்டமாகவும், அந்தப் பக்கமே போகாதவை இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து, ஒரே நீரில் ஒன்றோடொன்று சேராமல் வாழ்ந்தன. இழுவை மீன்பிடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகு பார்த்தால் இரண்டு கூட்டங்களும் கலந்துவிட்டிருந்தன. நம் படகு எங்கே குப்பை கொட்டுகிறது என்பதை வைத்து ஒரு விலங்கின் சமூகமே பிரிந்திருக்கிறது, அது நின்றதும் கூடியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, பிரேசிலின் லகூனா நகரில் நூறு வருடத்துக்கும் மேலாக மீனவர்களும் டால்பின்களும் சேர்ந்து மடவை மீன் பிடிக்கிறார்கள். டால்பின் மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டி வந்து சட்டென்று முக்குளித்துச் சைகை காட்டும், அந்த நொடியில் வீச்சு வலை விழும். சிதறும் மீன் டால்பினுக்கு. இங்கே யாரும் யாருக்கும் ஊட்டவில்லை, இருவரும் வேலை செய்கிறார்கள். இந்தக் கூட்டுவேட்டையில் சேரும் டால்பின்கள் சேராதவற்றைவிட 13 சதவீதம் கூடுதலாகப் பிழைக்கின்றன என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வீச்சு வலை டால்பினைக் கொல்வதில்லை என்பதோடு, அந்த இடத்திலேயே இருப்பதால் வேறு ஆபத்தான வலைகள் பக்கம் அவை போவதும் குறைகிறது. மனிதர் அருகில் இருப்பதே கேடு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மடவை வரத்து இப்போது குறைகிறது, இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதும் குறைகிறது என்பதுதான் லகூனாவின் கவலை.

சுழல் டால்பின்கள் இரவெல்லாம் வெளிக்கடலில் மேய்ந்துவிட்டுப் பகலில் அமைதியான விரிகுடாவுக்குத் தூங்க வருபவை. அந்த நேரம் பார்த்துத்தான் நீச்சல்காரர்களும் படகுகளும் வந்து குவிகிறார்கள். ஹவாயில் 2021 முதல் கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் அவற்றை 50 கஜத்துக்குள் நெருங்கத் தடை. எகிப்தில் செங்கடலின் சமடாய் பவளத்திட்டில் 2004 முதல் உட்பகுதி டால்பின்களுக்கு மட்டும் என்று கயிறு கட்டிப் பிரித்திருக்கிறார்கள். நீந்த வருபவர்கள் வெளிப்பகுதியில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். டால்பினைத் துரத்தாமல் பார்க்க விரும்புபவர்களுக்கு இது போதும்.

யார் கணக்கு வைப்பது

வலை, இரைச்சல், நஞ்சு, நன்னீர், சுற்றுலா என்று இங்கே தனித்தனியாக எழுதினேன். அனுமதி கொடுக்கும் அலுவலகங்களும் இப்படித்தான் தனித்தனியாகப் பார்க்கின்றன. டால்பினின் உடம்பில் எல்லாம் ஒன்றாகவே வந்து சேர்கிறது. இரைச்சலால் சரியாக மேயாத தாய் மெலிகிறாள். மெலியும்போது சேமித்த கொழுப்பு கரைகிறது, கொழுப்பில் இருந்த நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. நோயெதிர்ப்பு குறைகிறது. 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 1,600-க்கும் மேற்பட்ட டால்பின்களைப் பலிவாங்கியது போன்ற ஒரு வைரஸ் அப்போது வந்தால் பலவீனமான உடம்பு அதைத் தாங்குவது கடினம். சாவுக்குக் காரணம் வைரஸ் என்று அறிக்கை சொல்லும்.

கடலில் ஒரு கட்டுமானம் வரும்போது நடத்தும் சுற்றுச்சூழல் ஆய்வு வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வருடம். ஒரு பெண் டால்பின் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் எடுத்துக்கொள்ளும் இடைவெளியே அதைவிட அதிகம். அந்தக் காலத்துக்குள் எதுவும் தெரியவராது என்பது நிச்சயம், தெரியவில்லை என்பதையே பாதிப்பில்லை என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணில் படும் டால்பின்களை எண்ணுவது போதாது. எத்தனை பெண்கள் குட்டி போட்டன, அந்தக் குட்டிகளில் எத்தனை மூன்றாவது வருடத்தைத் தாண்டின என்று பார்க்க வேண்டும். அது முடியாத காரியமல்ல. முதுகுத் துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டுகளும் தழும்புகளும் ஒவ்வொரு டால்பினுக்கும் வேறு. ஒரு நல்ல கேமராவும் பொறுமையான ஆட்களும் இருந்தால் ஒரு விரிகுடாவின் எல்லா டால்பின்களுக்கும் பெயர்ப் பதிவேடு போட்டுவிடலாம்.

நியூசிலாந்தின் பேங்க்ஸ் தீபகற்பத்தில் ஹெக்டர் டால்பின்களுக்காக 1988-ல் சரணாலயம் அறிவித்து வலைகளைக் கட்டுப்படுத்தினார்கள். அதனால் பலன் உண்டா என்ற கேள்விக்கு 2012-ல்தான் பதில் கிடைத்தது. 1986 முதல் 21 வருடம் இப்படித் துடுப்புப் படங்களை எடுத்து வைத்திருந்ததால்தான், டால்பின்கள் ஆண்டுதோறும் உயிர் பிழைக்கும் விகிதம் 86 சதவீதத்திலிருந்து சுமார் 92-ஆக உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்த உயர்வும் போதுமா என்பதை ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்லவில்லை, பாதுகாப்பை விரிவாக்கச் சொன்னார்கள். படம் எடுக்கத் தொடங்கியது சரணாலயம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இருந்ததால்தான் பின்பு என்ன மாறியது என்று சொல்ல முடிந்தது. கடலைத் தொடும் எந்தத் திட்டமானாலும் முதல் தூண் இறங்குவதற்குப் பல வருடம் முன்பே இந்தப் பதிவு தொடங்க வேண்டும். அதற்கான செலவு திட்டத்தின் சொந்த வரவு செலவிலேயே இருக்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு தலைமுறைக் குட்டிகள் வளரும் வரை அது தொடர வேண்டும்.